‘வேறெங்கோ’ என்பது எந்த ஊர்?

இந்த இதழ் இரண்டு மாதம் பிந்தி வருகிறது. பணமில்லை என்பது ஒரு காரணம். அது எப்போதும் இருக்கிற காரணம், அதற்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. இன்னொரு காரணம் இந்தத் தலையங்கம். கவிதையில் நம் மொழி பற்றி ஒன்று எழுதி அச்சகத்துக்கே கொடுத்தாகிவிட்டது. பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன். கவிதை எங்கும் ஓடிவிடாது, அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் வங்கியில் கிளார்க். பகலெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு அம்மா வந்து நின்றார். குன்னூருக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்த குடும்பம். எங்கள் பாட்டியும் அப்படி வந்தவர்தான். சேரியிலிருந்து கண்டிச் சீமைக்குப் போய், அங்கே லயத்தில் இரண்டு தலைமுறை கிடந்து, திரும்ப இங்கே லைன் வீட்டுக்கு வந்த சனம்.

“தம்பி, புத்தகத்துல காசைக் காணோம்” என்றார்.

பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். தீபாவளி போனசும், குழுக் கடனுக்குக் கட்ட வைத்திருந்ததும் சேர்ந்து 18,000 ரூபாய்ச் சொச்சம். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று தடவையாகப் போயிருந்தது. போனில் ஒருத்தன் கூப்பிட்டிருக்கிறான். மகளிர் உரிமைத்தொகை நிற்கப் போகிறது, ரேஷன் அட்டையைச் சரிபார்க்க வேண்டும் என்றிருக்கிறான்.

“கள்ளப்பயன்னுதான் தம்பி மொதல்ல நெனச்சேன். ஆனா அட்டை நம்பரைச் சொன்னான். செத்துப்போன எம் புருசன் பேரு, கட்டிக்குடுத்த மக பேரு, லைன் நம்பரு, எல்லாத்தையும் வரிசையாப் படிச்சான். கவர்மெண்டு ஆளுங்களுக்குத்தானே அதெல்லாம் தெரியும்?”

அதற்கப்புறம் அவன் கேட்ட ஆறு எண்ணையும் சொல்லிவிட்டார்.

2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் யார் பொறுப்பு என்று அதில் வகுத்திருந்தார்கள். தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, அமைப்பில் வேறெங்கோ இருக்கிறது என்றால், மூன்று வேலைநாளுக்குள் வந்து சொல்லிவிட்டால் அப்போதும் பொறுப்பில்லை. வாடிக்கையாளர்தான் காரணம் என்று வங்கி சொல்வதானால் அதை நிரூபிக்கும் சுமை வங்கியின் தலையில். ஆனால் ரகசிய எண்ணைத் தானே சொல்லிவிட்டால் அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. வந்து தெரிவிக்கும்வரை போனதெல்லாம் அவர் நட்டம்.

புகார்ப் படிவத்தை அந்த அம்மாவுக்காக நான்தான் நிரப்பினேன். ‘வாடிக்கையாளர் தாமே எண்ணைப் பகிர்ந்துள்ளார்’ என்ற வரியை என் கையால்தான் எழுதினேன். எழுதியது பொய்யில்லை. ஆனால் அதற்கு முந்தின வரி ஒன்று இருக்கிறது. அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. அவர் ஏன் சொன்னார்? அவன் அரசாங்கம் மாதிரி பேசினான் என்பதற்காக அல்ல. அரசாங்கத்திடம் மட்டுமே இருக்க வேண்டியது அவன் கையில் இருந்தது என்பதற்காக. அந்தச் சுற்றறிக்கை சொல்லும் ‘வேறெங்கோ’ என்பது எந்த ஊர் என்று நமக்குத் தெரியும். அந்த ஊருக்கு எதிராக ஒரு காகிதம் எழுத முடியுமா என்பதுதான் கேள்வி.

2021 ஜூன் கடைசியில், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தின் தரவு என்று ஒரு தொகுப்பு, திருட்டுத் தரவு கைமாறும் இணையச் சந்தையில் கிடந்தது. பெங்களூரைச் சேர்ந்த டெக்னிசாங்க்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைப் பார்த்து வெளியில் சொன்னது. அவர்கள் கணக்குப்படி 49,19,668 பேருடைய விவரம். ஆதார் எண், முகவரி, குடும்ப விவரம், அதில் மூன்றரை லட்சத்துச் சொச்சம் பேருக்குக் கைபேசி எண்ணும்கூட. 49 லட்சம் என்றால் நீலகிரி மாவட்டத்தின் மொத்த சனத்தைப்போல ஆறு மடங்குக்கு மேல். அந்த 49 லட்சத்தில் இருந்த ஒருவருக்காவது ‘உன் விவரம் வெளியே போய்விட்டது, யாராவது கூப்பிட்டால் நம்பாதே’ என்று ஒரு துண்டுச்சீட்டு வந்ததா? எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் லைனில் யாருக்கும் வரவில்லை. வழக்கமாக அரிசி வரவில்லை என்றால்கூட ரேஷன் கடைக் கதவில் சாக்பீசால் எழுதிப் போடுவார்கள்.

கவுண்டருக்கு வந்த அம்மாவின் விவரம் அந்தத் தொகுப்பிலிருந்துதான் போனது என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவராலும் நிரூபிக்க முடியாது. அதில்தான் விசயமே இருக்கிறது. எங்கே கசிந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் வழி ஒன்றுகூட இல்லாத ஒரு கொழுந்து எடுக்கும் பெண்ணின் தலையில் நிரூபிக்கும் சுமையை வைத்துவிட்டு, எல்லா ஆவணமும் கையில் வைத்திருக்கிற அரசு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இதில் ‘சுமை’ யாருக்கு என்பது புதிய கேள்வியில்லை. ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1947 செப்டம்பர். அமிர்தசரசைச் சேர்ந்த கஸ்தூரிலால் ரலியாராம் ஜெயின் என்ற நகைக் கடையின் பங்குதாரர் ஒருவர் தங்கமும் வெள்ளியுமாக மீரட் போகிறார். திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்பட்டு போலீஸ் பிடிக்கிறது. பிறகு ஆளை விட்டுவிட்டார்கள், வெள்ளியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 103 தோலா தங்கம் மட்டும் வரவில்லை. பொருளறைக்குப் பொறுப்பாக இருந்த தலைமைக் காவலர் அதைத் தூக்கிக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கடைக்காரர் அரசின் மேல் வழக்குப் போட்டார். 1964 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? போலீஸ் கவனக்குறைவாக இருந்தது உண்மை. ஆனால் பொருளைக் கைப்பற்றி வைப்பது இறையாண்மை அதிகாரம். அந்த அதிகாரத்தைச் செலுத்தும்போது நடந்த பிழைக்கு அரசு நட்டஈடு தர வேண்டியதில்லை. இந்த நிலை சரியில்லை, சட்டமன்றங்கள் சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சட்டம் வரவில்லை. அரசின் பொறுப்பு பற்றிச் சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையாகவே 1956-ல் எழுதியிருந்தது, 1967-ல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவும் வந்தது, காலாவதியாகிப் போனது.

(அந்தத் தீர்ப்பு வந்து ஒரு மாதத்தில், 1964 அக்டோபர் 30-ல், சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு எங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதிக்கொண்டார்கள். இறையாண்மை அதிகாரம் என்றால் என்னவென்று எங்கள் பாட்டிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.)

இந்த ‘இறையாண்மை’ வாதத்துக்கு வேர் 1861-ல் இருக்கிறது. கல்கத்தாவில் அரசுக் கப்பல்துறை ஆட்கள் ஓர் இரும்புத் துண்டைக் கீழே போட்டார்கள், சத்தத்தில் வண்டிக் குதிரை மிரண்டு காயம்பட்டது. அரசு செய்யும் வேலையில் ராஜ்ஜிய வேலை வேறு, வியாபார வேலை வேறு என்று பிரித்து, இது இரண்டாவது வகை என்று சொல்லி, குதிரைக்கு 350 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். ஆக, கம்பெனிக்காரன் குதிரைக்கு நீதி கிடைத்தது. பாவம், நல்ல குதிரையாக இருந்திருக்கும்.

பிறகு நீதிமன்றங்கள் இந்தச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்திருக்கின்றன, அதை மறைக்கக்கூடாது. விடுதலையான பிறகும் 14 வருசம் பீகார் சிறையில் வைக்கப்பட்டிருந்த ருதுல் சாவுக்கு 1983-ல் உச்சநீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 1993-ல் ஒரிசாவின் நீலாபதி பெஹரா வழக்கில், போலீஸ் காவலில் மகனை இழந்த தாய்க்கு ஒன்றரை லட்சம். அடிப்படை உரிமையை அரசு மீறினால் இறையாண்மை என்று தப்பிக்க முடியாது என்றார்கள். 1994-ல் நாகேந்திர ராவ் வழக்கு நமக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஆந்திராவில் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின்கீழ் ஒரு வியாபாரியின் உரத்தையும் தானியத்தையும் அதிகாரிகள் கைப்பற்றிக் கவனிக்காமல் போட்டுவைத்துக் கெடவிட்டார்கள். அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம்.

இப்போது தங்கத்தையும் உரத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்துப் பாருங்கள். யாரும் விரும்பிப் போய்க் கொடுத்ததில்லை. ஆதார் சட்டம் 7-ஆம் பிரிவு மானியம் வேண்டுமென்றால் ஆதார் கேட்கலாம் என்கிறது. 2018 செப்டம்பர் 26-ல் உச்சநீதிமன்றமும் அந்தப் பிரிவைச் சரி என்று விட்டுவிட்டது. ரேஷன் அரிசி வாங்காத வீட்டுக்காரன் ‘என் அந்தரங்கம்’ என்று கட்டுரை எழுதலாம். அரிசி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவனுக்கு விரலை வைக்கிறதா வேண்டாமா என்ற யோசனையே கிடையாது. ஆக, கட்டாயப்படுத்தி வாங்கி வைத்த பொருள். வாங்கி வைத்தவன் காப்பாற்றவில்லை. திருடன் வந்து எடுத்தான். திருடன் எடுத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று பொருளறைக்காரன் கேட்கலாமா?

எங்கள் வங்கித் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. லாக்கரில் வைத்த பொருளைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று வங்கிகள் கையைக் கழுவ முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டது: கவனக்குறைவால் திருட்டோ தீயோ நடந்தால், ஊழியரே மோசடி செய்தால், லாக்கரின் ஒரு வருச வாடகையைப்போல நூறு மடங்கு வங்கி தர வேண்டும். இந்த மலையில் எத்தனை தோட்டத் தொழிலாளிக்கு லாக்கர் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கள் கிளையில் ஒருவருக்கும் இல்லை. நகை வைத்திருப்பவனின் இரும்புப் பெட்டிக்கு நூறு மடங்கு, நம்ம சனத்தின் குடும்ப அட்டைக்குச் சுழியம்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது, அரசைத் தவிர மற்றவர்களுக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-அ பிரிவு பாதுகாப்புக் குறைவால் நட்டம் வந்தால் இழப்பீடு என்கிறது. யார் தர வேண்டும்? ‘நிறுவனம்’. கம்பெனி, கூட்டு வணிகம், தொழில் நடத்தும் சங்கம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வரும், அரசுத் துறை வராது. இந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்கும் அதிகாரி யார் தெரியுமா? மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 2010-ல் தமிழ்நாட்டில் இந்த அதிகாரி ஒரு தனியார் வங்கியை 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்; வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவரின் கணக்கிலிருந்து போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் எடுத்த வழக்கு. நல்ல உத்தரவு. ஆனால் மாநில அரசின் தரவு கசிந்தது என்று மாநில அரசின் செயலாளரிடமே போய் நிற்பது, கங்காணி மேல் கங்காணியிடமே பிராது கொடுக்கிற கதை.

பிறகு 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புதுச் சட்டம் என்று கைதட்டினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால்: கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. இது நல்லது, நான் மறுக்கவில்லை. பாதுகாப்புக் குறைவுக்கு 250 கோடி வரை தண்டம் என்றும் இருக்கிறது. அந்தத் தண்டப்பணம் எங்கே போகும்? இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு. அரசுத் துறை தண்டம் கட்டினால் அரசின் இந்தப் பையிலிருந்து அரசின் அந்தப் பைக்கு. இழந்தவருக்கு ஒரு ரூபாய் இல்லை. இழப்பீடு தரச் சொன்ன அந்தப் பழைய 43-அ பிரிவையும் இந்தச் சட்டமே எடுத்துவிடச் சொல்கிறது. சிவில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியையும் அடைக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி எந்த அரசு அமைப்பையும் இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கி வைக்க மத்திய அரசு அறிவிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, பொய்ப் புகார், அற்பப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை தண்டம். எது அற்பம் என்று எவர் முடிவு செய்வார்? நம் சனங்கள் கொடுத்த எந்தப் புகார் இதுவரை அற்பமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுக்க வசதி செய்யும் திருத்தம் உடனே அமலுக்கு வந்தது. நம் தரவைக் காக்க வேண்டிய பிரிவுகளுக்கு 18 மாதம் தவணை. கதவைச் சாத்துவது இன்று, பூட்டு வாங்குவது பிறகு. இதற்கு முன்பே, இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2023 நவம்பரில் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. தாக்குதல் நடந்தால் அரசுத் துறைகளும் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அவர்களுக்கு 6 மணி நேரத்தில் தெரியும். நாம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை.

‘திருடனைப் பிடித்தால் போதாதா’ என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சேதி. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டன. இரண்டு வாரம் போல எல்லாம் கையெழுத்து நோட்டில் நடந்தது. ஊடுருவியவர்கள் மேல் போலீஸ் வழக்குப் பதிந்தது. ஆனால் ஏன் நடந்தது என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன காரணம், வலைப்பின்னலை முறையாகப் பிரித்து வைக்கவில்லை என்பது. அதாவது, வீட்டுக்குள் எல்லா அறைக்கும் ஒரே கதவு, அதுவும் திறந்து கிடந்தது. அந்தத் திறந்த கதவுக்குப் பெயர் குற்றமில்லை, குறைபாடு.

எதற்கு இதை ஒரு தலித் இதழ் எழுத வேண்டும்? ஒரு தோழர் நேரடியாகவே கேட்டார்: வெண்மணியும் மேலவளவும் கண்ட நாம் கணினித் திருட்டுக்குத் தலையங்கம் எழுதுவதா? நட்டஈடு கேட்பது சட்டவாதம் இல்லையா? மரியாதையோடு சொல்கிறேன், தோழர், நம் முகவரியைப் படித்துப் பாருங்கள். கசிந்த தரவில் சாதி என்று ஒரு கட்டம் இருந்தே ஆக வேண்டியதில்லை. ‘காலனி’ என்று முகவரியில் இருந்தால் போதும். அந்தச் சொல் சாதிச் சொல்லாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். சரி. 2021-ல் வெளியே போனதாகச் சொல்லப்பட்ட முகவரிகளிலிருந்து அதை யார் போய் எடுப்பார்கள்? வாடகைக்கு வீடு தேடும் நம் பையன், ஊரை மறைத்துக்கொண்டு திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்க்கும் நம் பெண், சாதி மாறிக் கட்டிக்கொண்டு ஒளிந்து வாழும் ஜோடி, இவர்களுடைய குடும்பப் பட்டியலும் முகவரியும் காசு கொடுத்தால் கிடைக்கும் என்பதன் பொருள் வங்கிக் கணக்கோடு முடிவதில்லை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளும் ஆள் புகுந்தார்கள். போலீஸ் எவர் முகத்தைப் படம்பிடித்து வைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்மைப் பற்றிய காகிதம் அடுத்தவன் கையில் இருப்பதன் வரலாறு நமக்கு நீளம். சிலோன் தோட்டத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. அது இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது, 1921-ல்தான் ஒழிந்தது. பிறகு 1948-ல் ஒரு சட்டம், நாங்கள் யாருமில்லை என்று எழுதியது. இதே உதகையில் 1891 டிசம்பர் 1-ஆம் தேதி அயோத்திதாசப் பண்டிதரின் திராவிட மகாஜன சபை மாநாடு கூடிப் பத்துக் கோரிக்கை எழுதியது. நம்மை என்ன பேர் சொல்லி அழைக்கிறாய் என்பதற்கே சட்டப்படி தண்டனை கேட்டார்கள். இந்த மலையின் அரசியல் அங்கே தொடங்குகிறது. அரசின் பதிவேட்டில் நாம் எப்படி இருக்கிறோம் என்பது கணினி படித்த பிள்ளைகளின் கவலை என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

வேறு நாட்டில் இது நடக்காமல் இல்லை. நடந்த பிறகு என்ன ஆனது என்பதில்தான் வித்தியாசம். பல்கேரியா, அப்போது சுமார் 70 லட்சம் பேர் வாழ்ந்த நாடு. 2019 ஜூலையில் அங்கே வரித்துறைக் கணினிக்குள் புகுந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை எடுத்துப் பரப்பிவிட்டார்கள். வரித்துறை அரசுத் துறைதான். அதற்கே அந்நாட்டுத் தரவு ஆணையம் 51 லட்சம் லெவா தண்டம் போட்டது. ஒரு பெண் தனியாகவும் வழக்குப் போட்டார். என் பணம் போகவில்லை, ஆனால் என்றாவது யாராவது மிரட்டுவார்களோ என்ற பயத்தில் வாழ்கிறேன் என்றார். 2023 டிசம்பர் 14-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: திருடன் வெளியாள் என்பதாலேயே வைத்திருந்தவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது, பாதுகாப்பு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்கும் சுமை வைத்திருந்தவருடையது, அந்தப் பயமே ஒரு பாதிப்பாகலாம். பயமே பாதிப்பு! இதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் நினைப்புத்தான் வந்தது. போன் அடித்தால் அவர் இப்போது எடுப்பதில்லை. மகள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

தில்லிக்குக் காத்திருக்க வேண்டுமா? அரசியல் சட்டத்தின் 300-ஆம் பிரிவைப் பாருங்கள். அரசின் மேல் வழக்குப் போடுவது பற்றிய பிரிவு. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இதில் சட்டம் செய்யலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. தன் துறைகளுக்குத் தான் பொறுப்பு என்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் போட முடியும். 2020-ல் அரசு ஓர் இணையப் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது. கொள்கையை வைத்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. சட்டம் வேண்டும். அரசுத் தரவு கசிந்தால், ஒழுங்காகத்தான் காத்தோம் என்று அரசே நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால், எவ்வளவு நட்டம் என்று ஒவ்வொருவரும் ரசீது காட்டாமலே, ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை தர வேண்டும். கசிந்த சேதி ஆங்கிலத்தில் இணையத்தில் அல்ல, தமிழில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். விசாரிப்பது அரசின் செயலாளராக இருக்கக்கூடாது. அதுவரை உயர்நீதிமன்றத்தில் 226-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு நட்டஈடு உண்டு என்று ருதுல் சாவிலிருந்து தீர்ப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்து வாதாட நம் வழக்கறிஞர் தோழர்கள் முன்வர வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. பாதுகாப்பு வேண்டும் என்று நாம் கேட்டால், இன்னொரு கைரேகை வை, கண்ணைக் காட்டு என்று வந்து நிற்பார்கள். அதைக் கேட்கவில்லை. வைத்திருப்பதைக் குறை என்கிறோம். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் தேய்ந்தவர்களின் ரேகை இயந்திரத்தில் விழாமல் இந்த மலையில் எத்தனை பேர் திரும்பி நடந்திருக்கிறார்கள் என்பதைக் கடைக்காரரே சொல்வார். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டை நீக்கப்பட்ட தலித் குடும்பம் ஒன்றில், சோறு கேட்டே 11 வயதுப் பெண் குழந்தை செத்துப்போனது என்று தாய் சொன்னார். அரசு மறுத்தது. நாளைக்குத் தாக்குதலில் ரேஷன் கணினியே விழுந்தால் யார் பதில் சொல்வது? எய்ம்சில் டாக்டர்களுக்குக் கையெழுத்து நோட்டு திரும்ப வந்ததே, பந்தலூர் ரேஷன் கடைக்கு ஏன் வரக்கூடாது? நோட்டில் எழுதி அரிசி போடு என்பதையும் அந்தச் சட்டத்தில் எழுத வேண்டும்.

இந்த இதழோடு ஒரு தாள் இணைத்திருக்கிறோம். சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கான விண்ணப்பம். இப்படிப் போன் வந்து பணம் இழந்தவர்கள், அல்லது தங்கள் அட்டை விவரத்தை அந்நியன் ஒருவன் படிக்கக் கேட்டவர்கள், தேதியும் என்ன சொன்னான் என்பதும் மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆதார் எண் எழுத வேண்டாம், அட்டை எண்ணும் வேண்டாம். எழுதத் தெரியாதவர்களுக்கு வாசகர்கள் எழுதிக் கொடுங்கள். சம்பளத் தேதி வாரத்தில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தோழர்கள் வருவார்கள், அவர்களிடம் கொடுத்தால் போதும். முதல் தாளில் அந்த அம்மா கைநாட்டு வைத்திருக்கிறார். மை ஒட்ட மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

தோழமையுடன்,
ஆசிரியர்